உப்பில்லாத டப்பா

டப்பாவைக் கீழ வச்சிட்டு உக்காரும்மா. அந்தச் சேர்ல துணி கெடந்தா எடுத்துக் கட்டில்ல போட்டுட்டு உக்காரு. நான் இந்த வண்டிச் சாக்கை உதறிப் போட்டுட்டு வந்துர்றேன். சாக்கு பூராவும் சாம்பார். ஒரு மூடியை ஒழுங்கா இறுக்கி மூடத் தெரியாத பொம்பளைங்க கிட்ட நான் பொழப்பு நடத்துறேன்.

நீ அய்யாவு வீட்டு மாடிக்குக் குடி வந்திருக்கவதானே? சாமான் எறங்கும்போதே பாத்தேன். குக்கர் மட்டும் மூணு எறங்குச்சு. அம்மி காணோம், கிரைண்டர் காணோம். சரிதான், பாக்கெட் மாவுக் குடும்பம்னு அப்பவே நெனச்சேன். கோவிச்சுக்கிறாத. எனக்கு மனசுல ஒண்ணு வாயில ஒண்ணுன்னு வச்சுப் பேச வராது.

பிள்ளைக்கு மத்தியானம் சூடா சோறு போகணும், அதுக்குத்தான வந்திருக்க? எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. காலையில ஏழு மணிக்குப் பொங்கி, ஏழரைக்கு டப்பாவுல அடச்சு, புத்தகப் பையில சொருகி விட்டா, பன்னெண்டரைக்குத் தெறக்கும்போது அது சோறா? மூடியில வேர்த்துச் சொட்டுற தண்ணி ஒரு பக்கம், வெறச்ச சோறு ஒரு பக்கம். அதனாலதான் என்னைத் தேடி வர்றாங்க. பதினொண்ணேகாலுக்கு முத வீட்டு வாசல்ல நிப்பேன். பன்னெண்டுக்குக் கடைசி வீடு. பன்னெண்டு இருபதுக்கு ஸ்கூல் சைக்கிள் ஸ்டாண்டுல என் தள்ளுவண்டி நிக்கும். அடியில சாக்கு, மேல பழைய கம்பளி, நடுவுல டப்பா. மூடியத் தெறந்தா ஆவி பறக்கணும். பதினோரு வருசத்துல எங்கிட்டக் குடுத்த சோறு ஒருநாளும் ஆறிப்போய்ப் பிள்ளைங்க வாய்க்குப் போனதில்ல. சின்னதுகளுக்கு நானே பிசைஞ்சு ஊட்டியும் விட்டுருவேன்.

டப்பாவுக்கு டப்பா கைப்பிடியில கலர் நூல் கட்டி வச்சிருக்கேன், அடையாளத்துக்கு. ஆனா எனக்கு நூலு வேணாம். தூக்குனாலே தெரியும் யார் வீட்டுதுன்னு. வக்கீல் வீட்டு டப்பா கனக்கும். அந்தம்மா பிள்ளை தின்னுதோ இல்லையோ அமுக்கி அமுக்கி வச்சிரும். ஜவுளிக்கடைக்காரர் வீட்டு டப்பா கடகடங்கும். நாலு கரண்டி சோறு, அரை அப்பளம். வாசல்ல கிரானைட்டு, டப்பாவுல அரை அப்பளம். முந்தின நாள் கடையில வாங்குன புரோட்டாவப் பிச்சுப்போட்டுச் சூடு காட்டி அனுப்புற டீச்சரம்மா ஒருத்தி இருக்கா. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ. பேரைச் சொல்ல மாட்டேன். பாங்க்கு சந்துல ரெண்டாவது வீடு.

எல்லா வீட்டுச் சங்கதியும் எனக்கு அத்துப்படி. புருசன் பொண்டாட்டி சண்டைன்னா அன்னைக்கு டப்பாவுல தயிர்சாதம். மாமியாக்காரி ஊருக்குப் போயிட்டா அன்னைக்கு முட்டைப் பொரியல். டப்பாவத் தெறந்தாப் போதும், வீட்டுக்குள்ள போகவே வேணாம். ஆனா ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுல சொல்ற பழக்கம் எங்கிட்டக் கெடையாது.

என்ன, வந்ததுலேர்ந்து அந்தப் பையையே பிடிச்சுக்கிட்டு இருக்க? ஏதோ கேக்கணும்னு இருக்கு உனக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. யாரு சொன்னா? அய்யாவு பொண்டாட்டியா? அவளாத்தான் இருக்கும். 'பேச்சி கிட்டக் குடுத்துறாத, அனுசுயா பிள்ளையை ஆஸ்பத்திரியில படுக்க வச்சவ அவதான்'னு சொல்லியிருப்பா. இருபத்திரெண்டு டப்பா தூக்குனவம்மா நான். இன்னைக்குப் பதிமூணு. எல்லாம் இந்தப் பேச்சுல போனது. நீ என் வாயாலயே கேட்டுக்க. கேட்டுட்டுத் தப்பு யாரு மேலன்னு நீயே சொல்லு.

அனுசுயா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு. புருசன் ஓசூர்ல கம்பெனி வேலை, மாசம் ஒரு தடவ வந்துட்டுப் போவான். ஒத்தப் பிள்ளை, மிருதுளான்னு பேரு, ரெண்டாவது படிக்குது. ஏழு வயசு. குச்சிக் கை, குச்சிக் கால், கண்ணு மட்டும் பெருசு. போன ஆனி மாசம் ஸ்கூல் தெறந்ததும் ஸ்கூட்டியில வந்து எறங்குனா அனுசுயா. நீ உக்காந்திருக்கிற அதே சேர்லதான் உக்காந்தா. இஸ்திரி போட்ட காட்டன் சேலை, கழுத்துல ஆபீஸ் கார்டு. டப்பாவுல என்ன வைக்கப் போறா, பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'அக்கா, அவ டப்பாவுல இருக்கிறதை மட்டும் அவ சாப்பிடட்டும். மத்த பிள்ளைங்க கிட்ட வாங்கித் திங்க விடாதீங்க. நீங்களும் எதும் குடுக்காதீங்க'ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பதினோரு வருசமா ஒரே பந்தியில உக்காந்து பிள்ளைங்க ஒருத்தர் டப்பாவுல ஒருத்தர் கை விட்டுத் தின்னுதுங்க. எந்தச் சாதி, எந்த வீடுன்னு பாக்காத எடம் ஊர்லயே அந்தச் சைக்கிள் ஸ்டாண்டு ஒண்ணுதான். இவ பிள்ளை மட்டும் தொடக்கூடாதாம். கவர்மெண்டு சம்பளம் வாங்குனாத் தலைக்கு மேல கொம்பு மொளச்சிரும் போலன்னு நெனச்சுக்கிட்டேன். 'சரிம்மா'ன்னு மட்டும் சொன்னேன்.

பிள்ளை எட்டேகாலுக்கே வேன்ல போயிரும். இவ ஒன்பதரைக்கு ஆபீஸ் கெளம்பும்போது ஹாட்பாக்ஸைத் துணிப்பையில போட்டு வாசல் கிரில்லுல மாட்டிட்டுப் போயிருவா. மத்த வீட்ல நின்னு கையில குடுப்பாங்க, 'இன்னைக்குக் காரம் கொஞ்சம் தூக்கல் அக்கா, தயிரை ஊத்திப் பிசைங்க'ன்னு ஒரு பேச்சுப் பேசுவாங்க. இங்க கம்பியில தொங்கும்.

முத நாள் டப்பாவத் தெறந்தேன். ஆவி பறந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். வாசனையும் ஆளத் தூக்குச்சு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கா, கொத்தமல்லி தூவியிருக்கா, சீரகத்தை வறுத்துப் பொடிச்சுப் போட்டிருக்கா. கேரட்டைப் பூ மாதிரி நறுக்கி ஓரத்துல அடுக்கியிருக்கா. பிள்ளை ரெண்டு வாய் வாங்கிட்டு வாய மூடிக்கிருச்சு. கெஞ்சுனேன், கொஞ்சுனேன். மூணாவது வாய் எறங்கவே இல்ல. பக்கத்துல வக்கீல் வீட்டுப் பையன் உருளைக்கெழங்கு வறுவலைக் கரகரன்னு கடிக்கிறான், இது அவன் வாயையே பாத்துக்கிட்டு இருக்கு.

மிச்சத்தைக் கொட்டுற வழக்கம் கெடையாது எங்கிட்ட. தின்னது போக மிச்சம் டப்பாவோடயே வீட்டுக்குத் திரும்பணும். அப்பத்தான பெத்தவளுக்குத் தெரியும், பிள்ளை எவ்வளவு தின்னுச்சுன்னு? அன்னைக்குப் பாதிக்கு மேல திரும்புச்சு. மறுநாளும் பாதி. அந்த வாரம் பூராவும் பாதி. என்னதான் சங்கதின்னு வெள்ளிக்கிழமை ஒரு விரல் எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன்.

உப்பே இல்லம்மா.

கம்மியா இருக்குன்னு சொல்லல. ஒரு கல்லு கெடையாது. சோத்துல இல்ல, ரசத்துல இல்ல, பொரியல்ல இல்ல. எலுமிச்சம்பழமாம், சீரகமாம், கேரட்டுப் பூவாம். உப்புப் போடத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த அலங்காரம் எல்லாம்? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஒருநாள் மறந்தாச் சரி. அஞ்சு நாளுமா ஒருத்தி மறப்பா? அவ தான் சமைச்சதைத் தானே ருசி பாக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அவளுக்கு ஆபீஸ் கேண்டீன் இருக்கு. பிள்ளைக்கு ஒப்புக்குப் பொங்கி ஒரு டப்பா.

அன்னைக்குச் சாயங்காலமே வக்கீல் வீட்டம்மா கிட்டச் சொன்னேன். ஜவுளிக்கடை வீட்லயும் சொன்னேன். இப்படியும் ஒரு பொம்பளை இருக்காளா பாருங்கன்னேன். இது கதை சொல்றது இல்லம்மா, ஆத்தாமை. பிள்ளை பட்டினி கெடக்குதுல்ல?

அவ கிட்டக் கேக்கலையான்னு நீ நெனக்கிற. என்னன்னு கேக்க? 'ஏம்மா, உனக்கு உப்புப் போடத் தெரியுமா'ன்னா? கேட்டா மூஞ்சியத் தூக்குவா. இவளுங்க எல்லாம் சொன்னாத் திருந்துற ஆளுங்க இல்ல. நாமதான் பாத்துக்கணும்.

திங்கக்கிழமை ஒரு காயிதத்துல உப்பை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன். டப்பாவத் தெறந்தேன், ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுனேன், நல்லாப் பிசைஞ்சு ஒரு வாய் குடுத்தேன். அந்தப் பிள்ளை மூஞ்சிய நீ பாத்திருக்கணும். வாய்க்குள்ள அந்த உருண்டைய வச்சுக்கிட்டு மெல்லாம என்னையே பாக்குது. அப்புறம் மெதுவா மென்னு முழுங்கிட்டு, 'ஆயாம்மா, இன்னும்'னுச்சு. டப்பா காலி. விரலை நக்கிட்டு எங்காதுல வந்து, 'அம்மா கிட்டச் சொல்லிராத ஆயாம்மா'ன்னு கெஞ்சுச்சு. பெத்தவளுக்கு எம்புட்டுப் பயந்து கெடக்கு பாரு இந்தப் பிள்ளைன்னு நெனச்சேன். 'சொல்ல மாட்டேன்டா'ன்னேன். சொல்லவும் இல்ல.

அன்னையிலேர்ந்து தினமும் அதான். நான் உக்காந்ததும் எம்மடிப் பக்கத்துல வந்து ஒட்டிக்கிரும். உப்போட நிக்கல நானு. ஒருநாள் வக்கீல் வீட்டு வறுவல்ல ரெண்டு. ஒருநாள் ஒரு மோர் மெளகா. எலுமிச்சை ஊறுகாய்னா அதுக்கு உசுரு. வீட்ல இருந்து சின்ன டப்பியில நானே கொண்டு போவேன். மத்த பிள்ளைங்க எல்லாம் 'ஆயாம்மாவுக்கு மிருதுளாவத்தான் பிடிக்கும்'னு சொல்லும். பிடிச்சாத்தான் என்ன? எனக்குப் பிள்ளையா குட்டியா? கட்டுனவனும் போய் வருசம் பதினாலாச்சு. பதினோரு வருசமா எத்தனையோ பிள்ளைக்கு ஊட்டியிருக்கேன், ஒண்ணுகூட என்னைப் பாத்ததும் அப்படி ஓடி வந்ததில்ல.

ஒரு பத்து நாள் கழிச்சு அனுசுயா என்னைத் தேடிக்கிட்டு வந்தா. லீவு நாள். கையில ஒரு சீப்பு வாழைப்பழம். வாசல்லயே நிக்கிறா, கண்ணெல்லாம் கலங்கிக் கெடக்கு. 'பேச்சிக்கா, இப்பல்லாம் டப்பா காலியா வருதுக்கா. எப்படிக்கா சாப்பிட வச்சீங்க? நான் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், தொடவே மாட்டா. நீங்க கைராசிக்காரங்கக்கா'ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. உன் லச்சணம் எனக்குல்ல தெரியும்னு நெனச்சுக்கிட்டு, 'ஊட்டுற விதத்துல ஊட்டுனாத் திங்கும்மா'ன்னேன். அப்பக்கூட அவ வாயத் தெறந்து விசயத்தைச் சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. அதை ஞாபகம் வச்சுக்க.

ஆடி பொறந்துச்சு. பிள்ளை நல்லா ஊறி வந்துச்சு. கன்னம் ரெண்டும் உப்பி, மூஞ்சி வட்டமாயிருச்சு. குச்சிக் காலெல்லாம் பூசுனாப்புல ஆயிருச்சு. சைக்கிள் ஸ்டாண்டுல வாட்ச்மேன் கிட்டக் காட்டுனேன். 'பாத்தீங்களா, ஒரு மாசத்துல எப்படித் தேத்திட்டேன்'னு. அவரும், 'ஆமா, சதை போட்டிருச்சு'ன்னாரு. ஒருநாள் காலைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்துச்சு. என்னன்னு சாக்ஸை எறக்கிப் பாத்தா, எலாஸ்டிக் தடம் பள்ளமா பதிஞ்சு கெடக்கு. விரலால அமுக்குனா அந்தக் குழி அப்படியே நிக்குது. பிள்ளை வளந்துருச்சு, ஒரு அளவு பெரிய சாக்ஸு வாங்கித் தரக்கூட இவளுக்குத் தோணலையேன்னு அதுக்கும் அவளைத்தான் ஏசுனேன். கண்ணு ரெண்டும் காலையில வீங்குனாப்புல இருக்குன்னு கிளாஸ் டீச்சர் சொன்னாங்க. தூங்க விடாம வீட்டுப்பாடம் எழுத வச்சிருப்பான்னு நான் சொன்னேன்.

அடுத்த வாரம் கிரில்லுல பை தொங்கல. ரெண்டு நாள் பாத்தேன், மூணாவது நாள் பக்கத்து வீட்ல விசாரிச்சேன். பிள்ளையை மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். என்ன ஏதுன்னு அவங்களுக்கும் தெரியல.

எனக்கு இருப்புக் கொள்ளல. ஞாயித்துக்கெழம காலையில எந்திரிச்சு, பச்சரிசிக் கஞ்சி குழையக் காச்சி, பருப்புத் தொவையல் அரைச்சு, ஹாட்பாக்ஸ்ல போட்டுக்கிட்டுப் பஸ் ஏறுனேன். ஆஸ்பத்திரியில இவ என்னத்தக் குடுத்துப் பிள்ளையக் கொல்றாளோன்னு எனக்குக் கவலை. வார்டைக் கண்டுபிடிச்சுப் போனேன். பிள்ளை கட்டில்ல சாஞ்சு கெடக்கு. மூஞ்சி இன்னும் வீங்கிப்போய்க் கண்ணு ரெண்டும் கோடாத் தெரியுது. வயிறு பெருத்துக் கெடக்கு. கையில ஊசி. பக்கத்துல இவ கிண்ணத்தை வச்சுக்கிட்டு, 'ஒரு வாய்டா, ஒரே ஒரு வாய்டா'ன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கா. அது உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கு. என்னைப் பாத்ததும் அந்தக் கோட்டுக் கண்ணுல ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு.

அப்ப அனுசுயாவோட மாமியா போன்ல கத்திக்கிட்டு இருக்கு. ஸ்பீக்கர்ல கேக்குது. 'டாக்டரு அத்தனை தடவ சொல்லியும் நீ கண்டதைக் குடுத்திருக்க, இல்லன்னா எப்படி வீங்கும்? எம்பேத்திய நீயே கொன்னுருவ'ன்னு. இவ 'இல்ல அத்தை, குடுக்கல அத்தை'ன்னு அதையே சொல்றா. வச்சிட்டு, முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா. எனக்குப் பாவமா இருக்கல. உன் மாமியாளாச்சும் உன்னைப் புரிஞ்சு வச்சிருக்காளேன்னுதான் நெனச்சேன்.

நான் கட்டில்ல உக்காந்து அவ கையில இருந்து கிண்ணத்தை வாங்குனேன். 'தள்ளும்மா, நான் குடுக்கிறேன்'னேன். ஒரு விரல் தொட்டு வாயில வச்சேன். அதே கதை, ஒரு கல்லு உப்பு இல்ல. எனக்கு வந்துச்சே கோவம். நோவுல கெடக்கிற பிள்ளைக்குமா? இனிமே இவளுக்கு எதுக்கு மறைக்கணும்னு, அவ பாக்கப் பாக்கவே இடுப்புல இருந்து பொட்டலத்தை எடுத்தேன். 'இந்தாடா, நம்ம மருந்து'ன்னு பிள்ளை கிட்டச் சொல்லி, ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்துல தூவப் போனேன். 'இதாம்மா நான் வச்ச கைராசி. இந்த ஒரு மாசமா உம்பிள்ளை திங்குதுன்னா இதுனாலதான். சமைச்சா வாயில வச்சுப் பாக்கணும்'னேன்.

அவ என் மணிக்கட்டைப் பிடிச்சா. கத்தல. பிடிச்ச பிடியில எனக்கு வளையல் நெளிஞ்சுருச்சு. பொட்டலத்தையே பாக்குறா, பிள்ளையப் பாக்குறா. பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. 'எவ்வளவு நாளாக்கா?'ன்னா. சொன்னேன். 'உப்பு மட்டுமா?'ன்னா. ஊறுகாயச் சொன்னேன், மோர் மெளகாயச் சொன்னேன். நான் எதுக்கு மறைக்கணும்? திருடுனேனா? அவ எந்திரிச்சு வெளிய போயி ஒரு நர்ஸம்மாவக் கூட்டிட்டு வந்தா. அந்தம்மா என்னைத் தனியா நிறுத்தி வச்சுச் சொல்லுச்சு. பிள்ளைக்குக் கிட்னியில நோவாம். மூணு வயசுலேர்ந்து வந்து வந்து போகுதாம். வீக்கம் வர்ற நேரத்துல உப்பு விசம் மாதிரியாம். உடம்புல தண்ணி எறங்காம அப்படியே கட்டிக்கிருமாம். ஊறுகாயைச் சொன்னதும் அந்தம்மா தலையில கை வச்சுக்கிட்டு நின்னுச்சு.

இரும்மா, எந்திரிக்காத. முழுசாக் கேட்டுட்டுப் போ. டப்பாவை ஏன் பைக்குள்ள வைக்கிற?

எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உப்புப் பக்கம் கைய நீட்டியிருப்பேனா? அதைத்தான் நான் அவ கிட்டயும் கேட்டேன். வராண்டாவுல வச்சுக் கேட்டேன். 'உனக்கு வாயில்லையா? எங்கிட்டச் சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?'ன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'டப்பாவுல இருக்கிறதத் தவிர வேற குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல அக்கா? நோவைச் சொல்லியிருந்தா, நோவுக்காரின்னு ஊரே சொல்லும். பொம்பளப் பிள்ளை. உங்க கிட்டச் சொன்னா இருபத்தோரு வீட்டுக்குச் சொன்ன மாதிரி'ன்னா.

என்ன பேச்சு பாரு. நான் என்ன ஊருக்குத் தண்டோராப் போடுறவளா? யாரு வீட்டுச் சங்கதிய நான் யாரு கிட்டச் சொன்னேன்? இன்னைக்கு உங்கிட்டச் சொல்றேன்னா, நீ பிள்ளைக்காரி, தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். அந்தப் பிள்ளைக்குக் கிட்னி நோவுன்னு இன்னைக்கு ஊருக்கே தெரியும்னா, அது எம்மேல விழுந்த பழியத் தொடைக்க நான் நாலு வீட்ல விளக்கம் சொல்ல வேண்டியதாப் போனதுனாலதான். அதுக்கும் அவதான் காரணம்.

கொண்டு போன கஞ்சியத் திரும்பப் பஸ்ல கொண்டாந்தேன். ஆறவே இல்ல, வீட்டுக்கு வந்து தெறந்தாலும் ஆவி. எனக்கு எறங்கல.

பிள்ளை இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. பொழைச்சு வந்துருச்சு. வந்ததும் இந்த அனுசுயா என்ன பண்றா, மத்தியானம் ஆபீஸ்ல பர்மிசன் போட்டு ஸ்கூட்டியில ஸ்கூலுக்கே வந்துர்றா. சைக்கிள் ஸ்டாண்டுல அந்தக் கோடியில ஒரு பெஞ்சு. அதுல உக்காந்து ஊட்டுறா. இந்தக் கோடியில நான். நடுவுல பிள்ளைங்க பந்தி. அவ என்னைப் பாக்க மாட்டா, நானும் பாக்க மாட்டேன். பிள்ளை மட்டும் தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கும். அவ கிட்ட அது திங்கிறதையும் நான் ஓரக்கண்ணால பாக்கிறேன்ல. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சண்டை. 'கொஞ்சூண்டும்மா'ங்கும். 'இல்லடா'ம்பா. அது கிண்ணத்தைத் தட்டிவிடும். கீழ விழுந்ததை இவ கையால கூட்டி அள்ளுவா. அவ்வளவு இஸ்திரி போட்ட சேலையோட மண்ணுல குந்தி அள்ளுவா. முந்தாநாள் அது அவ கையக் கடிச்சுருச்சு. அவ அடிக்கவும் இல்ல, உப்பும் குடுக்கல. நானா இருந்தா ஒண்ணு முதுகுல வச்சிருப்பேன், இல்ல ஒரு கல்லு உப்பக் குடுத்துத் தொலைச்சிருப்பேன்.

நேத்து நடந்ததைச் சொல்லிர்றேன். அதோட முடிஞ்சுச்சு.

நேத்து அவ வர லேட்டு. ஆபீஸ்ல கலெக்டர் வர்றாருன்னு என்னமோ. பன்னெண்டு முப்பத்தஞ்சாச்சு, அவளைக் காணோம். பிள்ளை பெஞ்சுல தனியா உக்காந்திருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு நேரா எங்கிட்ட வந்துருச்சு. பழையபடி எம்மடிப் பக்கத்துல ஒட்டி உக்காந்துக்கிருச்சு. எத்தனை நாளாச்சு அது அப்படி வந்து. உடம்பெல்லாம் மருந்து வாடை. வீக்கம் வத்திப் பழைய குச்சிக் கையாயிருச்சு. அந்தக் கையை நீட்டி, உள்ளங்கையை விரிச்சு, 'ஆயாம்மா, கொஞ்சூண்டு. நக்கிட்டுத் தண்ணி குடிச்சிர்றேன். அம்மாவுக்குத் தெரியாது'ன்னுச்சு.

பொட்டலம் இடுப்புலதான் இருந்துச்சு. மத்த டப்பாவுக்கு வேணும்ல, இவளுங்க சமையலுக்கு. அது இருக்குன்னு பிள்ளைக்கும் தெரியும். நான் 'இல்லடா'ன்னேன். 'இருக்கு'ன்னு என் இடுப்பைத் தொட்டுச்சு. நான் கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் நீட்டுச்சு. மறுபடியும் இல்லன்னேன். அது அழல. எந்திரிச்சு நின்னு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'நீயும் அம்மா மாதிரியே கெட்டவ ஆயிட்ட'ன்னுச்சு. பதிமூணு பிள்ளைங்க முன்னாடி. என்னைய. அந்த அனுசுயா மாதிரின்னு.

அப்பத்தான் அவ ஸ்கூட்டியை நிறுத்திட்டு மூச்சு வாங்க ஓடி வர்றா. வந்தவ எல்லாத்தையும் கேட்டுட்டா. என்னைத் திட்டுவான்னு பாத்தேன். திட்டல. பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பெஞ்சுல உக்காந்து டப்பாவத் தெறந்தா. 'கொஞ்சூண்டும்மா'ன்னு அது ஆரம்பிச்சுச்சு. 'இல்லடா'ன்னா. அவ்வளவு சாதாரணமாச் சொல்றா. நான் ரெண்டு தடவ சொன்னேன், அதுக்கே என் கையில இருந்த டப்பா ஒண்ணு சாஞ்சுருச்சு. இவ நாலு வருசமா மூணு வேளையும் சொல்லிக்கிட்டு இருக்கா. சொல்லிட்டு மறுபடியும் ஒரு உருண்டைய உருட்டி நீட்டுறா.